அப்பென்டிக்ஸ் எண்டு சொன்ன தழும்பு

என்ரை தம்பிக்கு இருபத்தாறு வயதில வயித்துப்புண் வெடிச்சு, இரைப்பையில பாதிக்கு மேல வெட்டி எடுத்திட்டினம். ரெண்டு வருசம் கழிச்சு அவனுக்குச் சம்பந்தம் பேசேக்கை, பொம்பிளை பகுதிக்கு அதை மறைச்சது நான்தான். அரை வயித்துக்காரனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்? ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணத்தைச் செய் எண்டிறவை, நான் ஒண்டுதானே சொன்னனான்! "தழும்பைக் கேட்டா அப்பென்டிக்ஸ் எண்டு சொல்லு" எண்டு என்ரை தலையில கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினன். அவனும் அக்கா கீறின கோட்டைத் தாண்டாதவன்.

கொழும்பு வெள்ளவத்தையில ஒரே லேனிலதான் எங்கடை ரெண்டு வீடும். போன வருசம் அவனுக்குக் கால் விறைக்கத் தொடங்கினது. செருப்புக் கழண்டது தெரியாமல் நடப்பான். மெயின் றோட்டைக் கடக்கத் தடுமாறுவான். "சும்மா கதிரையில இருந்தா அப்பிடித்தான், நடந்து திரி" எண்டு பேசினன். பேசத்தானே எனக்குத் தெரியும்.

மச்சாள், அதுதான் அவன்ரை மனுசி (நானும் அவவுக்கு மச்சாள்தான்), என்னையும் கூட்டிக்கொண்டு அவனை டொக்டரிட்டைக் கொண்டு போனா. முந்தி ஏதும் ஒப்பரேசன் செய்ததோ எண்டு டொக்டர் கேட்டார். "அப்பென்டிக்ஸ் மட்டும்" எண்டா மச்சாள். தம்பி என்னைப் பார்த்தான். நான் வாயே திறக்கேல்லை. முப்பது வருசத்துக்குப் பிறகு பொய்க்காரி எண்டு பேர் எடுக்கிறதோ? விறைக்கிறது கால், வெட்டினது வயிறு, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் எண்டு என்னை நானே சமாதானப்படுத்தினன். "அக்கா, சொல்லுவமோ?" எண்டு அவன் பிறகும் ஒருக்காக் கேட்டான். "சும்மா கிட" எண்டன்.

சீனி வருத்தமோ எண்டு பார்த்தினம், இல்லை. நாரி முள்ளந்தண்டை எக்ஸ்ரே எடுத்தினம். எண்ணெய் பூசினம். எட்டு மாசம் போச்சு. அவன் பொல்லு பிடிச்சு நடக்கத் தொடங்கினான்.

பிறகு நாங்கள் மூண்டு பேரும் போய்ப் பார்த்த வேறொரு டொக்டர் அவனைப் படுக்க வைச்சுச் சேர்ட்டைத் தூக்கினார். நெஞ்சுக்குழியிலயிருந்து தொப்புள் மட்டும் நீளத் தழும்பு. "அப்பென்டிக்ஸை ஆரம்மா இந்த இடத்தில வெட்டினது?" எண்டார். மச்சாள் அவனைத் திரும்பிப் பார்த்தா. அதுக்கு மேல மறைக்க என்னால ஏலேல்லை. எல்லாத்தையும் சொல்லிப்போட்டன்.

இரைப்பையை வெட்டினவைக்கு பி-12 விற்றமின் உடம்பில சேராதாம். வருசக்கணக்கில குறைஞ்சு குறைஞ்சு, கடைசியில நரம்பு பழுதாகுமாம். ஒழுங்கா ஊசி போட்டிருந்தாப் போதுமாம். இனியும் போடலாம், ஆனா செத்த உணர்ச்சி முழுக்கத் திரும்பும் எண்டு சொல்லேலாது எண்டார். "எட்டு மாசத்துக்கு முன்னம் தெரிஞ்சிருந்தா..." எண்டு தொடங்கினவர், என்ரை முகத்தைப் பார்த்திட்டு நிப்பாட்டிட்டார். கடவுளே, அவன்ரை காலை நானே எடுத்துப்போட்டன்.

மச்சாள் என்னை ஏசுவா எண்டுதான் நினைச்சன். ஏசியிருந்தா ஆறுதலா இருந்திருக்கும். வெளியில போட்டிருந்த வாங்கில குந்தியிருந்து மெல்லமாக் கேட்டா.

"அப்ப இவர் சாப்பிட்ட உடனை வேர்த்துப் போய்ப் படுக்கிறது அதாலயோ?"

"ஓம்."

"இன்னொரு கரண்டி சோறு போட்டா, சோத்துக் கோப்பையைத் தள்ளுறது?"

"ஓம்."

"என்ரை சமையல் பிடிக்கேல்லை எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்" எண்டா. "ஒவ்வொரு நாளும், மச்சாள்."