மூன்று வருடச் சான்றிதழ்

இணையப் பாதுகாப்பில் அரசாங்க வேலைக்குப் படிக்கிறேன் என்று சொன்னால், பொழிச்சலூரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் ஏதோ வாட்ச்மேன் வேலை என்றுதான் நினைத்தார்கள். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. அரசுக் கணினிகளுக்குள் யாரும் திருட்டுத்தனமாக நுழையாமல் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கப் போகிறார்கள், அதற்கு வெளிநாட்டுச் சான்றிதழ் ஒன்று வேண்டும் என்று தாம்பரம் மேற்கில் ஒரு பயிற்சி மையத்தில் சொன்னார்கள். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வேறு பிடி இல்லை.

கல்யாணமாகியும் பெற்ற அத்தாவின் சோற்றைத்தான் தின்றுகொண்டிருந்தேன். என் மனைவியின் அண்ணன் சவூதியில், தம்மாமில் கடை வைத்திருந்தார். "வாங்க மச்சான், விசா நான் பாத்துக்கறேன்" என்று போன் செய்வார். நல்ல மனிதர். ஆனால் போனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் ஊர்ப்பக்கம் வர முடியும். இங்கேயே அரசாங்க வேலை வாங்கிக் காட்டுகிறேன் என்று வீம்பு பிடித்தேன்.

சான்றிதழ்ப் பரீட்சையில் முதல் முறையே தேறினேன். அப்புறம்தான் வினை. அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் மூன்று வருடம். புதுப்பிக்கப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். அந்தத் துறையில் வேலை பார்ப்பவர்களுக்குப் புள்ளிகள் தானாகச் சேரும். என்னைப் போன்றவன் கருத்தரங்குகளுக்குப் போய்ப் பொறுக்க வேண்டும்.

பாதுகாப்பு மென்பொருள் விற்கிற கம்பெனிகள் பெரிய ஓட்டல்களில் இலவசமாகக் கருத்தரங்கு நடத்துவார்கள். வாசலில் விசிட்டிங் கார்டு கேட்பார்கள். என்னிடம் இருந்தது பம்மலில் இருக்கும் அத்தாவின் கடை கார்டு. ஷூ சோல், பக்கிள், பசை, மொத்த வியாபாரம். வரவேற்பில் இருந்த பெண் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டாள்.

"உங்க ஆபீஸ்ல எத்தனை சிஸ்டம் சார்?" என்று டை கட்டிய ஒருவர் கேட்டார்.

"வாங்கிட்டே இருக்கோம்" என்றேன். கடையில் இருந்தது ஒரு கால்குலேட்டர்.

அந்த மனிதர் விடவில்லை. கடையைத் தேடிப்பிடித்துப் பம்மலுக்கே வந்துவிட்டார். அத்தா டீ வாங்கிக் கொடுத்து, அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டிருக்கிறார். சாயங்காலம் என்னைப் பார்த்ததும், "இன்னாப்பா, நம்ம பசையைத் திருட வெளிநாட்டுலேருந்து ஆள் வரானாமே?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இத்தனை கூத்தடித்தும் புள்ளிகள் போதவில்லை. மீதிக்கு, துறையில் வேலை பார்ப்பதாக முதலாளி எழுதிய கடிதம் வேண்டும். வேலைக்குத்தானே ஐயா சான்றிதழே வாங்கினேன் என்று யாரிடம் போய்க் கத்துவது?

அதற்குள் அரசு அறிவிப்பு வந்தது. வயது வரம்பின்படி எனக்கு அதுதான் கடைசி. விண்ணப்பித்த அன்று சான்றிதழுக்கு உயிர் இருந்தது, அது போதும் என்று நம்பினேன். எழுத்துத் தேர்வில் தேறினேன். பிறகு அரசாங்கத்திடமிருந்து மூச்சுப் பேச்சில்லை. தபால்காரரின் சைக்கிளைப் பார்த்தாலே வாசலுக்கு ஓடுவேன். தொழுகையில் வேறு எதையும் நான் கேட்கவில்லை. அந்தக் காத்திருப்பில்தான் மகள் பிறந்தாள், சான்றிதழும் காலாவதியானது. நேர்காணலுக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தபோது மறுபடி பரீட்சை எழுத நேரமில்லை.

நேர்காணல் அறைக்கு வெளியே சான்றிதழ்களைச் சரிபார்க்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். "இது முடிஞ்சுபோச்சே சார்" என்றார்.

"அப்ளை பண்ணும்போது இருந்துது சார்."

"இன்னிக்கும் இருக்கணும். ரெனியூ பண்ணியிருக்கலாமே?"

"அதுக்கு இந்த மாதிரி வேலையில இருக்கணும் சார்."

"அப்ப எங்கயாவது வேலையில சேர்ந்திருக்கலாமே."

நக்கலாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் கையெடுத்துக் கும்பிட்டேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியும் கும்பிட்டேன். அவர் என் காகிதங்களை அடுக்கி, ஓரம் சரிசெய்து, என் கையில் கொடுத்தார். கதவுக்கு அந்தப் பக்கம் எதைக் கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருப்பேன்.

பல்லாவரத்தில் ரயிலை விட்டு இறங்கி, வீட்டுக்கு வந்து, நேராக மொட்டைமாடிக்குப் போய் மச்சானுக்குப் போன் செய்தேன். வருகிறேன் என்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"கவலையே படாதீங்க மச்சான். நம்ம கடையிலயும் கம்ப்யூட்டர் இருக்கு, பில் போடறதுக்கு. இனிமே அதை நீங்களே பாத்துக்குங்க."

என்னைத் தேற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார். சரி மச்சான் என்று வைத்துவிட்டேன்.

திரும்பினால், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவி நின்றிருந்தாள். போனில் பேசியதைக் கேட்டிருக்கிறாள்.

"நீங்க வர்றப்போ இவளுக்கு உங்களை அடையாளம் தெரியுமாங்க?"

தெரியும் என்றேன். தினமும் என் போட்டோவை அவளிடம் காட்டச் சொன்னேன்.