உமி போன அரிசியை முளைக்க வைத்தவள்

எங்கள் பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி சேதராப்பட்டு கம்பெனியில் ஒன்பது வருஷம் பேக்கிங்கில் நின்றவள். கால் வீங்கியதும், "போதும்டா சாமி" என்று வேலையை விட்டாள். உமி மட்டும் நீக்கிய, தீட்டாத அரிசியை முளைகட்டிக் காயவைத்து, கஞ்சி மாவாக விற்கப்போவதாகத் தெருவுக்கே அறிவித்தாள். அதற்கப்புறம்தான் அரிசியே வாங்கினாள். எனக்கு அந்தத் துணிச்சல் ரொம்பப் பிடிக்கும்.

முதல் ஈடு நாறிப்போனது. அவள் புருஷன் தணிகாசலம் பரம்பரை விவசாயி. விதைநெல் ஊறவைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. "ஒரு பகல், ஒரு ராத்திரி ஊறணும். அப்புறம் சாக்குல கட்டி மேல கல்லு வெக்கணும்" என்றார். அப்படியே செய்தாள். சாக்கைப் பிரித்தால் புளித்த வாடை. இரண்டாவது ஈடும் அதே கதிதான். யானைக்கும் அடி சறுக்கும் என்று மனுஷர் ஒத்துக்கொண்டாரா? அரிசி சரியில்லை என்றார்.

டவுனில் கடை வைத்திருக்கும் ஹேமலதா சனிக்கிழமை பார்க்க வருவதாக இருந்தது. பிடித்தால் வாராவாரம் இருபது கிலோ. இல்லாவிட்டால் திங்களன்று அஞ்சலாட்சி பழையபடி கம்பெனி பஸ் ஏற வேண்டியதுதான்.

"நெல்லுக்கு உமி இருக்குது, தண்ணி மெதுவா எறங்கும். இதுக்கு உமியே இல்ல, இன்னாத்துக்கு இத்தினி நேரம்?" என்று புருஷனைக் கேட்டாள் அஞ்சலாட்சி.

"எனக்கே பாடமா?" என்று அவர் எழுந்து போய்விட்டார்.

அவள் விடவில்லை. நான்கு டம்ளரில் அரிசி போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் வைத்தாள். ஒன்றில் மட்டும் மொட்டைமாடி டேங்கில் வெயிலில் சூடேறிக் கிடந்த தண்ணீர். அது முளைக்கவே இல்லை. ஆறு மணி நேரம் ஊறியது பாதிதான் முளைத்தது. ஒரு நாள் முழுக்க ஊறியது நாறியது. பத்து மணி நேரம், மூன்று மணிக்கொரு தரம் தண்ணீர் மாற்றி ஊறவைத்ததை வடித்து ஈரத்துணியால் மூடினாள். மறுநாள் அரிசிக்கு அரிசி வெள்ளையாய் முளை எட்டிப்பார்த்தது. பெரிய ஈட்டையும் அப்படியே போட்டு, காயவைத்து மாவாக அரைத்தாள்.

சனிக்கிழமை ஹேமலதா வந்தாள். மாவில் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தாள். தணிகாசலத்தைப் பார்த்து, "எவ்ளோ நேரம் ஊற வெக்கிறீங்கண்ணே?" என்றாள்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த நான், பழைய கணக்கையே சொல்லிவிடுவாரோ என்று அவரைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"நெல்லுன்னா என்னக் கேளும்மா. அரிசிய அவளக் கேளு. எனக்குத் தெரியாது."

அஞ்சலாட்சிக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து மணி நேரக் கதையை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். "இந்த வாரமே இருபது கிலோ குடுத்துடுங்க" என்றாள் ஹேமலதா.

"இருபது பத்தாதுங்க. முப்பதா எடுத்துக்குங்க" என்றாள் அஞ்சலாட்சி.