நான்காம் தெருவுக்கு வராத உப்பு

மூக்கண்டப்பள்ளியில் தொழிலாளர் குடியிருப்புக்குத் தண்ணீர் திறந்துவிடுவது என் வேலை. எட்டாவது வரை படித்தவன். வால்வு திருப்பத் தெரியும், பேச வராது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இன்ஜினீயர் அம்மா ஒருவர் மூன்று மீட்டர் பெட்டிகளோடு வந்தார். கம்பியைத் தண்ணீரில் விட்டால், உப்போ ரசாயனமோ கரைந்திருந்தால் முள் ஏறும். ஏழு தெருவுக்கும் மூன்றே பெட்டி. கெட்ட தண்ணீர் எந்தப் பக்கம் நுழைந்தாலும் உடனே தெரியும்படி எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

அதற்காக மேல்தொட்டியில் சமையல் உப்பைக் கரைத்து ஊற்றினார். நாங்கள் தெருத் தெருவாகக் குழாயடியில் நின்றோம். முதல் தெருவில் முள் ஏறியது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவதில். மூன்றாவதற்கு முன்பே ஐந்தாவதில்! மண்ணுக்குள் தண்ணீர் நடந்துபோவதைக் கண்ணால் பார்ப்பதுபோல் இருந்தது. எனக்கு மெய்சிலிர்த்தது.

நான்காம் தெருவில் மட்டும் உப்பு ஊற்றும் முன்பிருந்தே முள் ஏறி நின்றது. உப்புக்கு அசையவே இல்லை.

"பெட்டி கெட்டுப்போச்சு போலண்ணா" என்றார் அந்த அம்மா.

குடத்தோடு நின்ற கன்னடக்கார அக்கா ஒரு கை அள்ளிக் குடித்தார். "ஏனப்பா, மொதல் தெருவுல கரிக்குதாமே? எங்க தண்ணி சப்பேனே இருக்குது. உப்புலகூட எங்களுக்கு ஓரவஞ்சனையா?"

எல்லாரும் சிரித்தார்கள். இன்ஜினீயர் அம்மா 'தண்ணீர் சப்பை' என்று குறித்துக்கொண்டார். ருசியில்லை என்று நினைத்திருப்பார். அக்கா சொன்ன கன்னடச் சப்பே வேறு. உப்பே இல்லை என்று அர்த்தம். உப்பில்லாமல் முள் ஏன் ஏறி நிற்கிறது?

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. முலாம் பட்டறைக் கழிவு ஊறியதால் ஒரு போர்வெல்லை ஒதுக்கியிருந்தார்கள். அந்தத் தண்ணீர் தோட்டத்துக்கு மட்டும்தான். அதிலிருந்து நான்காம் தெரு லைனுக்குப் போகும் வால்வை மூடச் சொன்னபோது வலப்பக்கம் திருப்பினேன். அசையவில்லை. முன்னமே மூடியிருக்கிறது என்று வந்துவிட்டேன். அது ஒரு வருஷத்துக்கு முன்பு.

"அம்மா, பெட்டி சரியாத்தானுங்க இருக்குது. தப்பு எம்மேல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அக்கா கையிலிருந்த குடத்தை வாங்கிக் கொட்டினேன். "இதைக் குடிக்காதீங்கக்கா."

ஓடிப்போய் அந்த வால்வை இடப்பக்கம் திருப்பினேன். திரும்பியது. சுற்றச் சுற்ற இறுகி மூடிக்கொண்டது. மற்ற வால்வுகளுக்கு நேர்மாறாகச் செய்த வால்வு. ஒரு வருஷமாகத் திறந்தே கிடந்து, போர்வெல் தண்ணீர் தொட்டித் தண்ணீரை நான்காம் தெருவுக்குள் விடாமல் தள்ளியிருக்கிறது.

திரும்பி வந்தபோது அக்கா குழாயைத் திறந்தே விட்டிருந்தார். முள் நடுங்கி, மெல்ல இறங்கி, மற்றத் தெருக்களில் நின்ற இடத்தில் வந்து நின்றது. அக்கா ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"உப்பு" என்றார்.

மூன்றில் ஒரு பெட்டி அந்தக் குழாயடியில் நின்றது. ஒவ்வொரு காலையும் தண்ணீர் திறந்ததும் நான் முதலில் போய்ப் பார்த்தது அந்த முள்ளைத்தான்.