எரர் மாறினால் கைதட்டும் செல்வராணி அக்கா

செவ்வாய்க்கிழமை மாலை நான் பள்ளி விட்டு வந்தபோது அம்மா கைபேசியுடன் வாசலிலேயே நின்றிருந்தாள். "உங்க கம்ப்யூட்டர் கிளாஸ் குரூப்ல போட்டிருக்காங்க. செல்வராணி அக்கா காலையில போயிட்டாங்களாம்மா. நெஞ்சு வலியாம்" என்றாள். நான் நம்பவில்லை. முந்தின நாள் மாலைதான் அக்கா அம்மாவின் கைபேசிக்கு எனக்காக ஒரு படம் அனுப்பியிருந்தார். கணினித் திரை, அதில் சிவப்பாக ஓர் எரர். கூடவே அவர் குரல்: "பாப்பா, புச்சா ஒண்ணு வந்துகீது. சனிக்கிழமை பாக்கலாம்." பரிசு விழுந்தவர் பேசுவதுபோல் அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்.

தி.நகர் சனிக்கிழமை வகுப்பில் அவருடன் படித்தவர்களுக்கு அவர் படப்பிடிப்பில் எப்படி இருந்தார் என்று தெரியாது. கோடம்பாக்கத்தில் அவருடன் கூட்டத்தில் நின்ற துணை நடிகர்களுக்கு அவர் கணினி முன் எப்படி இருந்தார் என்று தெரியாது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த எனக்கு இரண்டும் கொஞ்சம் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இணையதளம் செய்யக் கற்றுத்தரும் அந்த இலவச வகுப்பில் நான்தான் வயதில் சின்னவள், அக்கா என் அம்மாவைவிடப் பெரியவர். ஆனால் இருவரும் ஒரே நாளில் தொடங்கியவர்கள். நான் பாடப்புத்தகத்தின் முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்துவிட்டுத்தான் போனேன். ஆனாலும் முதல் நாளே எரர் வந்தது. அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது கணினி. எனக்குத் தேர்வுத்தாளில் சிவப்பு மையால் சுழித்ததுபோல் இருந்தது. அக்கா சாரிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னார்: "நாம வேற ஃபோல்டர்ல நின்னுக்கினு கூப்புடறோமாம். ஷூட்டிங் அடையார்ல, நாம வடபழனில நின்னா வண்டி வருமா?" ஃபோல்டரை மாற்றினோம். உடனே இன்னோர் எரர். நான் தலையில் கை வைத்தேன். அக்கா கைதட்டினார்.

"என்னக்கா, எரர் வந்ததுக்கா கை தட்றீங்க?"

"பழசு போயிடிச்சு இல்ல? இது வேற ஆளு பாப்பா."

அவருக்கு இந்த இணையதளம் விளையாட்டில்லை. துணை நடிகர்களுக்கு ஏஜென்ட் மூலமாகத்தான் வேலை வரும். வயதானவர்களை, நடை தளர்ந்தவர்களை ஏஜென்ட் கூப்பிடுவதே இல்லை. அவர்களின் முகமும் பெயரும் ஒரு பக்கத்தில் இருந்தால் படக் கம்பெனிக்காரர்கள் நேராகவே பார்த்துக் கூப்பிடலாம் என்று அக்கா நினைத்தார். ஒரு புரொடக்‌ஷன் மேனேஜரிடம் பேசியும் வைத்தார். அடையாறில் ஒரு பேருந்து நிறுத்தக் காட்சிக்கு வயதான முகங்கள் வேண்டும். சனிக்கிழமை மதியத்துக்குள் பக்கம் தயாரானால் அதிலிருந்து ஆட்களை எடுப்பதாகவும், இல்லையென்றால் ஏஜென்ட்டிடமே போவதாகவும் அவர் சொல்லிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமைதான் பெரிய எரர் வந்தது. மாடல் என்பது ஓர் அச்சு போன்றது. ஒருவரைப் பற்றி என்னென்ன விவரம் வைக்க வேண்டும் என்று அதில் எழுதுவோம். 'நடிகர்' என்று ஒரு மாடல், 'படம்' என்று இன்னொன்று, இரண்டும் இரண்டு கோப்புகளில். யார் எந்தப் படத்தில் நடித்தார் என்று தெரிய வேண்டும் என்பதற்காக, நடிகர் கோப்பின் முதல் வரியில் படத்தை இம்போர்ட் செய்திருந்தோம், அதாவது அழைத்திருந்தோம். படம் கோப்பின் முதல் வரியில் நடிகரை. 'நடிகர்' இன்னும் பாதியில் நிற்கிறது, அதை எடுக்க முடியவில்லை, சுற்றிச் சுற்றி அழைக்கிறீர்கள்போல என்றது கணினி. சார் வேறு அடையாறு நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குள் மேனேஜர் அழைத்தார். ஒலிபெருக்கியில் அவர் குரல் வகுப்பு முழுக்கக் கேட்டது. "இன்னாம்மா, உன் பக்கம் வருமா வராதா? ஏஜென்ட்டுக்குப் போன் போடவா?"

"இரு நைனா, மேக்கப் போட்டுக்கினு கீது."

வகுப்பே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்காமல் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் புத்தகத்தில் ஒரு வழி இருந்தது. ஒரு கோப்பின் இம்போர்ட்டை மட்டும் எடுத்துவிட்டு, அங்கே மாடலின் பெயரை மட்டும் மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். ஏன் அப்படி என்று எனக்குப் புரியவில்லை. புரியாததை எழுத எனக்குக் கை வராது. அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரு கல்யாண சீன்ல இதே கூத்து நடந்துச்சு பாப்பா. நாங்க பொண்ணு வீடு. மாப்ள வீட்டுக்காரங்க வந்தாதான் நாங்க நடக்கணும்னு ஒரு அசிஸ்டென்ட் எங்கிட்ட சொல்லிட்டான். நாங்க வந்தாதான் அவங்க நடக்கணும்னு இன்னொருத்தன் அவங்ககிட்ட சொல்லிட்டான். கேமரா ஓடுது, ஒருத்தரும் நகரல. டைரக்டர் கத்துறாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, எங்கள மட்டும் நடக்கச் சொன்னாங்க. மாப்ள வீடுன்னு பேர் தெரிஞ்சா போதும், ஆளு பின்னால வந்து சேரட்டும்னாங்க. நீ சொல்றது அதான? பேரு மட்டும் எழுது. ஆளு வருவாங்க."

அதேதான்! எழுதினேன், ஓட்டினேன். அதே எரர், ஓர் எழுத்துகூட மாறவில்லை. என் முகம் விழுந்ததைப் பார்த்த அக்கா திரையின் மேல்பக்கம் குனிந்தார். "இந்த வெள்ளப் புள்ளி இன்னா? சேவ் பண்ணியா நீ?" பண்ணவில்லை. சேமித்துவிட்டு மறுபடி ஓட்டினேன்.

பக்கம் வந்தது. முகங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி வந்தன. அக்கா கைதட்டவில்லை, ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்தார். கால் வலிக்காரர் என்று ஏஜென்ட் ஒதுக்கிவைத்த பெரியவர் அடுத்த வாரம் அந்தப் பேருந்து நிறுத்தத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கேமராவுக்குத் தெரியாமல் எடுத்த ஒரு படத்தை அக்கா எனக்கு அனுப்பினார்.

அன்று பக்கம் வந்த பிறகு டீ குடிக்கும்போது அக்கா இன்னொன்றும் சொன்னார். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு படத்தில் அவருக்கு வசனம் கிடைத்ததாம். "பஸ் வருது, நகருங்க." அவ்வளவுதான். "தியேட்டர்ல போய்ப் பாக்கறேன், வாயி என்னுது, கொரலு யார்துன்னே தெரியல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். டீ சிந்தும் அளவுக்குச் சிரித்தார்.

புதன்கிழமை அம்மாவுடன் கோடம்பாக்கம் போய் அவரைக் கடைசியாகப் பார்த்துவிட்டு மயிலாப்பூர் வீட்டுக்குத் திரும்பினேன். அன்று மாலை அவர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். மாடல் கோப்பிலிருந்து 'வசனம்' என்பதை எடுக்க முடியவில்லை என்றிருந்தது. எங்கள் இருவருக்கும் பொதுவாக சார் இணையத்தில் கொடுத்திருந்த இடத்தை வீட்டுக் கணினியில் திறந்தேன், அவர் எழுதியது அப்படியே இருந்தது. ஃபோல்டர் சரி. பெயர் சரி. சுற்றிச் சுற்றி அழைக்கவும் இல்லை. மாடல் கோப்பைத் திறந்தபோதுதான் தெரிந்தது, அதில் 'வசனம்' என்று ஒன்றுமே இல்லை. எழுதுவதற்கு முன்பே அதை அழைத்துவிட்டார். அவ்வளவு அவசரம், அவ்வளவு ஆசை.

நான் எழுதினேன். யார் பேசியது, எந்தப் படத்தில், என்ன வார்த்தை என்று மூன்று விவரங்கள். முதலில் எந்த வசனம் ஏற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சேமித்தேன். வெள்ளைப் புள்ளி போய்விட்டதா என்று பார்த்தேன். ஓட்டினேன்.

திரை மறுபடி சிவப்பானது. வசனங்களைச் சேர்த்துவைக்க இன்னும் அட்டவணை உருவாகவில்லை என்று புதிதாக ஒன்று சொன்னது. அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான். அது என் கைகளுக்கு என்னை முந்திக்கொண்டு ஞாபகம் வந்தது. கைதட்டிவிட்டேன்.

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடி, சரியாயிடுச்சா?"

"இல்லம்மா" என்றேன். "மாறிடுச்சு."