மாரிசெல்வி இன்னும் கேட்கிறாள்

எங்கள் மாடி அறையில் குடியிருக்கும் இசக்கிசெல்வியைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், தண்ணீர் மோட்டாருக்காக அவளோடு வருஷக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறேன், அது போதாதா என்று திருப்பிக் கேட்பேன். என் பெயர் சசிகலா. சுங்குவார்சத்திரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, என் மாமனார் வேர்க்கடலை போட்ட நிலத்தில் வரிசையாக அறைகள் கட்டி, கம்பெனிக்கு வேலைக்கு வரும் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். என் வீட்டுக்காரர் ஸ்ரீதர் ஒரகடத்தில் வேலைக்குப் போகிறார். அறைகளைப் பார்த்துக்கொள்வது நான்தான். வாயாடி என்று தெருவில் எனக்குப் பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். அத்தனை பெண்களையும் ஒரே மோட்டாரையும் வைத்துக்கொண்டு வாய் இல்லாமல் காலம் தள்ள முடியாது.

இசக்கிசெல்விக்கு ஊர் வள்ளியூர் பக்கம். செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் லைனில் வேலை. வந்த புதிதில் வாயே திறக்கமாட்டாள். பிறகு யார் சொல்லிக் கொடுத்தார்களோ, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் போனைச் சாய்த்து வைத்து அதோடு பேச ஆரம்பித்தாள். ரைஸ் குக்கரிலேயே புளிக்குழம்பு வைப்பது எப்படி, மூட்டைப்பூச்சிக்கு எந்த மருந்து, சூப்பர்வைசர் திட்டும்போது அழுகை வராமல் எப்படி நிற்பது. சேனலுக்கு 'ஷிப்ட் முடிஞ்சாச்சு' என்று பெயர் வைத்தாள்.

"இத்தையெல்லாம் எவ பாப்பா?" என்று நான் கேலி செய்தேன். மறைமலை நகர் வரைக்கும் இருக்கிற ஹாஸ்டல் பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். யூடியூபிலிருந்து பணம் வந்தது. பஸ் ஸ்டாப் பக்கத்து மொபைல் கடைக்காரரும் பிரியாணிக் கடைக்காரரும் விளம்பரம் கொடுத்தார்கள். அப்புறம் நான் கேலி செய்யவில்லை.

வந்ததில் பாதியை அவள் தனியாக எடுத்து வைத்தாள். மெஷினில் விரல் போன ஒருத்திக்கு மருந்து, பிரசவத்துக்குச் சொந்த ஊர் போக முடியாமல் மாட்டிக்கொண்ட ஒரு ஒடிசாப் பெண்ணுக்கு ரயில் டிக்கெட் என்று கொடுத்துக்கொண்டே இருப்பாள். பெரிய தேவை என்றால் சேனலில் வெளிப்படையாகக் கேட்பாள். வந்தது எவ்வளவு, செலவு எவ்வளவு என்று அடுத்த வீடியோவிலேயே ஒப்பித்துவிடுவாள். "யக்கா, கேட்டு வாங்குன காசு கைல நிக்கப்படாது. சுடும்" என்பாள்.

அவளோடு அறையில் இருந்தவள் மாரிசெல்வி. சங்கரன்கோவில் பக்கம். சிரித்தால் கீழே என் சமையலறை வரை கேட்கும். அவளுக்குக் கண் மஞ்சளானபோது நான்தான் முதலில் பார்த்துச் சத்தம் போட்டேன். லீவு எடுத்தால் அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும் என்று கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு பஸ் ஏறினாள். இங்கே எல்லாப் பெண்களும் செய்வதுதான். லைனிலேயே மயங்கி விழுந்த பிறகுதான் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கல்லீரல் முழுக்கக் கெட்டுவிட்டது என்றார்கள்.

இசக்கிசெல்வி சேனலில் கேட்டாள். காசு வந்தது, போதவில்லை. மாரிசெல்வி தன் அம்மாவுக்கு மட்டும் சொல்லவே விடவில்லை. "எங்கம்மைட்ட சொல்லாத. இருக்க ஆட்ட வித்துட்டு வந்து நிக்கும்" என்று சத்தியம் வாங்கியிருந்தாள். கடைசியில் நான்தான் பொறுக்காமல் போன் செய்து சொன்னேன். அம்மா சந்திரம்மாள் அன்று ராத்திரியே பஸ் ஏறினாள்.

அம்மா பஸ்ஸில் வந்துகொண்டிருந்த அந்த வேளையில்தான் இசக்கிசெல்வி ஆஸ்பத்திரியில் அந்த வீடியோவை எடுத்தாள். நானே பேசுகிறேன் என்று மாரிசெல்வி பிடிவாதம் பிடித்தாளாம். படுக்கையில் சாய்ந்தபடி, மஞ்சள் கண்ணோடு, சிரித்துக்கொண்டே பேசினாள். "அக்கா, அண்ணாச்சி, ஒங்களால முடிஞ்சத போடுங்க. நாளைக்கு நான் எந்திச்சு ஒக்காந்திருவேன் பாருங்க."

இசக்கிசெல்வியின் கம்பெனியில் கேட்டிலேயே போனை வாங்கி லாக்கரில் பூட்டி டோக்கன் கொடுத்துவிடுவார்கள். உள்ளே இருக்கிறவளுக்கு வெளியே உலகம் கவிழ்ந்தாலும் தெரியாது. அதனால் வீடியோவை முன்கூட்டியே ஏற்றி, மறுநாள் மதியம் ஷிப்ட் மாறும் நேரத்துக்குத் தானாக வெளியாகும்படி வைத்துவிடுவது அவள் வழக்கம். அப்போதுதான் கம்பெனி பஸ்களில் எல்லோர் கையிலும் போன் இருக்கும். அன்றும் அப்படித்தான் வைத்துவிட்டுக் காலை ஷிப்டுக்குப் போனாள். ஆள் குறைவு என்று அவளை ஓ.டி.க்கும் நிறுத்திக்கொண்டார்கள்.

மாரிசெல்வி நடுப்பகலில் இறந்துபோனாள். சந்திரம்மாள் என் நம்பருக்குத்தான் கூப்பிட்டாள். "எம்மா, மாரி போயிட்டா. செல்விட்ட சொல்லணும். போன எடுக்க மாட்டுக்கா." அழக்கூட இல்லை. நான் கம்பெனி கேட்டுக்குப் போன் போட்டேன். எந்த லைன், ஐடி நம்பர் என்ன என்று கேட்டார்கள். நான் எங்கே போவேன் அதற்கு? கத்தினேன். வைத்துவிட்டார்கள்.

மேகம் கட்டியிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் மாடிக்குப் போய்க் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். சேனலில் புது வீடியோ என்று இடுப்பில் செருகியிருந்த போன் சத்தம் கொடுத்தது. எடுத்தால் மாரிசெல்வி. சிரிக்கிறாள். நாளைக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவேன் என்கிறாள். என் இன்னொரு கையில் இருந்தது, இசக்கிசெல்வி துவைத்துப் போட்டிருந்த மாரியின் பச்சைச் சுடிதார். அதை மறுபடியும் கொடியிலேயே போட்டுவிட்டுக் கீழே ஓடிவந்துவிட்டேன்.

அந்த மத்தியானம் முழுக்கக் காசு வந்துகொண்டே இருந்தது. அதுவரை எந்த வீடியோவுக்கும் அப்படி வந்ததில்லை. ஓ.டி. முடிந்து லாக்கரைத் திறந்து போனை எடுத்தவள் முதலில் பார்த்தது அதைத்தான். மாரி பிழைத்துக்கொண்டாள் என்று கேட்டுக்கு வெளியே நின்று கைதட்டினாளாம், கூட இருந்த பெண்கள் சொன்னார்கள். அதற்கப்புறம்தான் என் நம்பரும் சந்திரம்மாள் நம்பரும் வரிசையாக இருந்ததைப் பார்த்திருக்கிறாள்.

விஷயம் வெளியே தெரிந்ததும் வாய்க்கு வந்தபடி எழுதினார்கள். செத்தவளைக் காட்டிப் பிச்சை எடுத்தவள் என்றார்கள். அவள் வீடியோவை நீக்கினாள். ஆஸ்பத்திரி பாக்கி, உடலை ஊருக்குக் கொண்டுபோன வண்டி போக மிச்சத்தை, வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பினாள். நடந்ததை நடந்தபடி பேசி ஒரு வீடியோ போட்டாள். அதை ஒருத்தரும் சீந்தவில்லை.

ஆனால் மாரிசெல்வி போகவில்லை. யாரோ அந்த வீடியோவை அவள் நீக்குவதற்கு முன்பே இறக்கி வைத்திருந்தார்கள். அடியில் தங்கள் க்யூஆர் கோடை ஒட்டி, சோகப் பாட்டு சேர்த்துப் போட்டார்கள். ஒன்றைப் புகார் கொடுத்து எடுக்க வைத்தால் வேறு பெயரில் இன்னொன்று வந்தது. ஃபேஸ்புக்கில் வந்தாள், இன்ஸ்டாகிராமில் வந்தாள். கம்பெனி பஸ்ஸில் யாருடைய போனிலிருந்தோ "அக்கா, அண்ணாச்சி" என்று குரல் வரும். இசக்கிசெல்வி எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுகொள்வாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே ஸ்ரீதர் போனில் வீடியோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக் கூடத்தில், குழம்பு வாசனைக்கு நடுவில், அந்தப் பெண் நாளைக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவதாகச் சொன்னாள். "அத்த மொதல்ல ஆஃப் பண்ணு" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் தட்டைக் கவிழ்த்துவிட்டார்.

இசக்கிசெல்வி சேனலை நிறுத்திவிட்டாள். ஷிப்ட் முடிந்து வந்தால் போனை வைத்துக்கொண்டு மாரிசெல்வியைத் தேடுவதுதான் வேலை. தேடுவாள், புகார் கொடுப்பாள், மறுபடி தேடுவாள். எலும்பும் தோலுமாகிவிட்டாள். அந்த அறைக்கு வேறு பெண்ணைப் போடவும் எனக்கு மனசு வரவில்லை.

"வுட்டுத் தொலையேன்டி. உன்னால இன்னா பண்ண முடியும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"யக்கா, மாரியோட போன நாந்தான் அவ துணிமணியோட பையில வச்சு அனுப்புனேன். இப்ப அது அவ அம்மைட்ட இருக்கு. அவங்க கண்ணுல படுறதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்துரணும்" என்றாள்.

இந்தத் தை மாதம், மாரிசெல்வியின் பி.எஃப். பணத்துக்குக் கையெழுத்துப் போட சந்திரம்மாள் வந்தாள். ஸ்ரீதர் கூட்டிக்கொண்டு போய்வந்தார். மதியம் சாப்பிட வைத்துவிட்டுக் காப்பி போடப் போனேன். கூடத்தில் குரல் கேட்டது. அதே சிரிப்பு. காப்பிச் சட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். அதற்குள் மாடிப்படியில் தடதடவென்று இசக்கிசெல்வி இறங்கி வந்துவிட்டாள். அந்தக் குரல் எங்கே கேட்டாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

சந்திரம்மாள் மடியில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா, இது எப்படி ஒங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டே இசக்கிசெல்வி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவதான் தெனமும் வாராளே. காச கேக்கா. நூறு நாள் வேல காசு வந்தா, கடக்காரத் தம்பிட்ட குடுத்து இதுல போடச் சொல்லுவேன்."

"எம்மா, அது கள்ளப்பயலுவ. மாரிக்கு ஒரு பைசா..."

"தெரியும்ட்டி. கடக்காரத் தம்பியும் சொல்லத்தான் செஞ்சான்." சந்திரம்மாள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உசுரோட இருக்கையில எங்கிட்ட ஒண்ணுமே கேக்கல. ஆட்ட வித்துருவேன்னு மறைச்சிட்டா. இப்ப கேக்கா. பெத்தவ எப்படி குடுக்காம இருக்கது?"



இசக்கிசெல்வி தன் போனை எடுத்து, தான் ஆஸ்பத்திரியில் எடுத்த வீடியோவைக் காட்டினாள். பாட்டு இல்லை, க்யூஆர் கோடு இல்லை. மாரிசெல்வி மட்டும்.

"ஒங்க போன்ல இத ஏத்தித் தாரேன். இனிமே இதப் பாருங்க" என்றாள்.

சந்திரம்மாள் கடைசி வரை பார்த்தாள். திரையை விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "இதுல காசு போட எடம் இல்லியே செல்வி" என்றாள்.

அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. நான் நகரவில்லை.

இசக்கிசெல்வி கை நீட்டினாள். "எங்கிட்ட குடுங்க" என்றாள்.

சந்திரம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மடித்து மடித்துச் சின்னதாகிப்போன ஒரு நோட்டை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"அவட்ட சேத்துருவியா?"

செத்தவள் பேரைச் சொல்லிக் காசு வாங்கினாள் என்று ஊரே ஏசியபோது, அவள் இறந்தது எனக்குத் தெரியாது, போன் லாக்கரில் இருந்தது என்று அழுது மாய்ந்தவள் அவள்.

"சேத்துருதேம்மா" என்றாள்.