சும்மா இருப்பதும் சிகிச்சைதான்

காலை 5.40. மலை சுற்றுகிறவர்கள் நடக்கும் செங்கம் சாலையில், ஒரு டீக்கடையில் நான் முதலில் பார்த்தது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வடையை ஊதி ஊதித் தின்ற ஒரு வெள்ளைக்காரரை. கடைக்காரர் அவரிடம், "சக்கரை கம்மிதானே?" என்று தமிழில் கேட்டார். என்னிடம் திரும்பி, "சுகர் ஓகே, சார்?" என்றார். நான் கீழ்பென்னாத்தூரில் பிறந்தவன். இந்த ஊரில் நிருபராக இருந்தவன். இப்போது குடியிருக்கும் ஆஸ்லோவில் வாங்கிய ஜாக்கெட் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் விசாரித்தார். "ஒன்றும் செய்யாமல் இருந்துவிடலாமா என்று யோசிக்க" என்றேன். அவர் வடையை வைத்துவிட்டுக் கைகூப்பினார். "மிகவும் கடினம். நான் பல வருடமாக முயல்கிறேன்." நான் சொன்னது புராஸ்டேட் புற்றுநோயைப் பற்றி. திருத்த மனம் வரவில்லை.

ஆஸ்லோவில் டாக்டர் என் முன் மூன்று வழிகளை வைத்தார். அறுத்து எடுப்பது; கதிர்வீச்சு; அல்லது இப்போதைக்குக் கைவைக்காமல் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று கண்காணித்து, வளர்ந்தால் சிகிச்சைக்குப் போவது. ஆரம்ப நிலை, வேகம் குறைவு, அதனால் மூன்றுமே சரி என்றார். "நீங்களே சொல்லுங்கள்" என்றேன். "உடம்பு உங்களுடையது" என்றார். நம் ஊரில் டாக்டர் அப்படிச் சொன்னால் கைவிட்டுவிட்டார் என்று பொருள். "எத்தனை நாள் இருக்கிறது?" என்று கேட்டேன். "ஆறு வாரம்." நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். முடிவு சொல்வதற்குத்தான் ஆறு வாரம் என்று விளங்கியதும் சிரிக்க ஆரம்பித்தேன். விமானத்திலும் அது நிற்கவில்லை.

டீ முடிந்ததும் பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கே என் உடம்பு எல்லோருடையதும். மாமா வேர்க்கடலையை உடைத்துக்கொண்டே தீர்ப்பு சொன்னார்: "அறுத்துப் போட்டுட்டு வேலையப் பாருப்பா. நோவ வீட்ல வெச்சுக்கினு சோறு போடுவியா?"

"கண்காணிக்கிறாங்க மாமா."

"திருடனை உள்ள வுட்டுட்டு வாசல்ல போலீஸா?"

"ஆபரேஷன் பண்ணா என்னாடா ஆவும்?" என்றாள் அக்கா.

"மூத்திரம் அடங்காம போவலாம். இன்னொன்னும் போவலாம்."

அக்கா புரிந்துகொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். "போனா போவுது! அறுவத்தி ரெண்டு வயசுல அத வெச்சுக்கினு என்னா பண்ணப்போற?"

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது: "அத அவன் பொண்டாட்டி கிட்ட கேட்டீங்களா நீங்க?"

மாமாவுக்குக் கடலை புரையேறியது. நான் தண்ணீர் கொடுக்கப் போய், சிரிப்பில் பாதியைக் கொட்டினேன். என் மனைவியை நானும் கேட்டிருக்கவில்லை. மொட்டைமாடிக்குப் போய் ஆஸ்லோவுக்குப் போன் செய்தேன். நீண்ட நேரம் பேசினோம். இறங்கி வரும்போது முடிவு கையில் இருந்தது: கண்காணிப்பு. கைவைக்காமல் இருப்பதற்குத்தான் அதிக தைரியம் வேண்டும் என்று படிக்கட்டில் தோன்றியது. வளர்ந்துவிடுமோ என்ற பயம் அடுத்த ரத்தப் பரிசோதனை வரை கூடவே இருக்கும். ஆனாலும் கால்கள் இரண்டு இரண்டு படியாக இறங்கின.

முடிவைச் சொன்னேன். "அடுத்த டெஸ்ட் என்னைக்கு?" என்றாள் அக்கா. டாக்டர் முன்பே குறித்துக் கொடுத்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமையில் வருகிறது என்றேன். காலண்டரைப் புரட்டினாள். "ரெண்டு நாள் தள்ளிப் போடச் சொல்லேன். பௌர்ணமி வருது. நீ அங்க ரத்தம் குடு, நான் இங்க மலை சுத்தறேன்."

ஆஸ்லோ ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்டேன். காரணம் கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்கள்.