பின்னால் நிற்பவர்

மனப்பாடமாக வந்த குர்ஆனில் வசனங்கள் விடுபட்டிருக்கும் என்று ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் எழுதியிருந்ததைத் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி எனக்குப் படித்துச் சொன்னார். குர்ஆன் முழுவதையும் மனனம் செய்த ஹாபிழ் நான், பொறுக்க முடியவில்லை. ‘தொழவைப்பவர் மறந்தால் பின்னால் நிற்பவர் எடுத்துக்கொடுப்பார். ஒன்றும் விடுபடாது’ என்று பத்திரிகையில் மறுப்பு எழுதினேன். காயல்பட்டினத்துப் பள்ளிவாசலை மனதில் வைத்து எழுதியது அது. அங்கே முதல் வரிசை முழுக்க ஹாபிழ்கள்.

அந்த நோன்பு மாதத்தில் கோலசிலாங்கூர்த் தோட்டமொன்றில், குர்ஆனை வரிசையாக ஓதும் தராவீஹ் இரவுத் தொழுகையைத் தொழவைத்தேன். நடுவில் ஒரு வசனம் மறந்துபோனது. காத்து நின்றேன். பின்னால் யாரோ இருமினார்கள். அடுத்த வசனத்துக்குப் போய்விட்டேன்.

தொழுது முடிந்ததும் கடைக்கார மரைக்காயர் என் கையைப் பற்றிக்கொண்டார். “ஒரு எழுத்து விடாம ஓதிட்டீங்க ஹஜ்ரத்.”

என் மறுப்பை அவர் கடைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். அங்கே போனால் நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.